வாடிக்கையாளர் சொல்வதை வைத்து ரோட்மேப் போடுவது எப்படி, அதை எந்த அளவுக்கு வெளியில் சொல்வது?

கொங்குநிரல் (கேள்வி)

வணக்கம். கோயம்புத்தூரில் ஏழு பேர் கொண்ட ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தை நடத்தி வருகிறேன். திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் பகுதிகளில் உள்ள பின்னலாடை நிறுவனங்களும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் (பிறர் துணிக்குச் சாயம், தையல் போன்ற வேலையைக் கூலிக்குச் செய்பவை) பில் போடுவதற்கும், டெலிவரி சலான் (சரக்கோடு அனுப்பும் சீட்டு) எழுதுவதற்கும், துணி இருப்பைப் பார்ப்பதற்கும் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. ஏறத்தாழ முந்நூறு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் டீலர்கள் வழியாக வந்தவர்கள்.

எங்களுக்கு ஆலோசனைகளுக்குக் குறைவே இல்லை. போனில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறார்கள், டீலரிடம் சொல்லிவிடுகிறார்கள், சர்வீஸுக்குப் போகும் எங்கள் ஆட்களை நிறுத்தி வைத்துச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஓர் எக்செல் ஷீட்டில் எழுதிவந்தோம். அது நானூறு வரிகளைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு அந்த ஷீட்டை எடுத்து, எதை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணி, மேலிருந்து கீழாக அடுக்கி, முதல் பத்தை அப்படியே அடுத்த ஆறு மாதத்துக்கான ரோட்மேப்பாக, அதாவது எதை எந்த வரிசையில் செய்வது என்ற திட்டமாக, வைத்துக்கொண்டோம். முதலிடத்தில் இருந்தது ‘எல்லா ரிப்போர்ட்டிலும் எக்செல் டவுன்லோட் வேண்டும்’ என்பது. இரண்டு மாதம் உழைத்து அதைச் செய்து கொடுத்தோம். முதல் மாதம் பலரும் பயன்படுத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த பட்டனைத் தொடுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் எங்களுக்கு வரும் அழைப்புகள் மட்டும் குறையவே இல்லை.

இரண்டாவது சிக்கல், ரோட்மேப்பை வெளியில் சொல்வது. 2023 தொடக்கத்தில், எந்த மாதம் என்ன வரும் என்று தேதி போட்ட ஒரு பிடிஎஃப் தயாரித்து எல்லா டீலர்களுக்கும் அனுப்பினோம். முதலாளிகள் கைப்பேசியிலேயே நிலுவையைப் பார்க்கும் ஆப் தீபாவளிக்குள் வரும் என்று அதில் எழுதியிருந்தோம். அந்த ஆண்டு மே மாதம், இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்வது) கட்டாயம் என்ற விற்றுமுதல் வரம்பை 10 கோடி ரூபாயிலிருந்து 5 கோடி ரூபாயாகக் குறைத்து, ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவிப்பு வந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் அந்த இடைவெளியில்தான் இருந்தார்கள். நிரல் எழுதும் மூவரும் வேறு வேலையே பார்க்க முடியவில்லை. ஆப் அடுத்த ஆண்டு சித்திரையில்தான் வந்தது. அதற்குள் டீலர்கள் அந்த ஆப்பைச் சொல்லியே சிலருக்கு விற்றிருந்தார்கள். வாங்கியவர்களில் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்து, பிடிஎஃப்பை மேசையில் வைத்து, ‘நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தானே கேட்கிறேன்’ என்றார். அவர் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காமல் அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து ரோட்மேப்பை யாருக்கும் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். இப்போது ‘நாங்கள் சொல்வதெல்லாம் எங்கே போகிறது’ என்று கேட்கிறார்கள். குவிந்து கிடக்கும் கோரிக்கைகளிலிருந்து எதை எடுப்பது என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? தீர்மானித்ததை யாருக்கு, எந்த அளவுக்குச் சொல்கிறீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

உதவிமேசை

பதினொரு ஆண்டுகள் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்கள் எண்ணிக்கையில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஷீட்டின் ஒவ்வொரு வரியிலும் என்ன எழுதினீர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ‘எக்செல் வேண்டும்’ என்பது, தமக்கு இருக்கும் ஒரு சிரமத்துக்கு வாடிக்கையாளர் தாமே யோசித்துக் கண்டுபிடித்த தீர்வு. சிரமம் என்னவென்று உங்கள் ஷீட்டில் எழுதவே இல்லை.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு நோட்டுப் புத்தகம். சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் மென்பொருள் கொடுத்திருந்த ஒரு பனியன் கம்பெனியிலிருந்து இதே எக்செல் கோரிக்கை மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை நேரிலேயே போய்விட்டேன். கணக்கு எழுதும் அம்மையாரின் மேசையில், கீபோர்டுக்குப் பக்கத்தில், நீல அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்று திறந்திருந்தது. சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணியின் எடை இடது பக்கத்திலும், திரும்பி வந்த எடை வலது பக்கத்திலும், வித்தியாசம் சிவப்பு மையிலும் எழுதப்பட்டிருந்தன. 412 கிலோவாகப் போன ஒரு லாட் 389 கிலோவாகத் திரும்பியிருந்தது. சாயம் ஏற்றும்போது எடை குறைவது இயல்பு; அது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் மென்பொருளுக்கு மட்டும் அது தெரியவில்லை. அனுப்பிய எடை முழுவதும் திரும்பினால்தான் சலான் முடிந்ததாக அது கணக்கு வைக்கும். இல்லையென்றால் மீதி 23 கிலோவை நிலுவையிலேயே காட்டிக்கொண்டிருக்கும்.

ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். திரும்பாத சரக்கை, அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்க முடியும். ஆகவே பொய்யான அந்த நிலுவைப் பட்டியல் அவருக்கு உண்மையான பயத்தைக் கொடுத்தது. பட்டியலை எக்செல்லில் எடுத்து, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முடிந்துபோன வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் அடித்து, மிஞ்சியதை ஆடிட்டருக்கு அனுப்புவதற்காகத்தான் அவர் எக்செல் கேட்டார். மாதத்துக்கு இரண்டு நாள் அந்த வேலைக்கே போய்க்கொண்டிருந்தது.

சலானில் எடைக் குறைவுக்கு ஒரு கட்டமும், எத்தனை சதவீதம் வரை ஏற்கலாம் என்று நிறுவனமே வைத்துக்கொள்ளும் வசதியும் சேர்த்தோம். வரம்புக்குள் இருந்தால் சலான் தானாக முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் சிவப்பில் நிற்கும். எங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒருவர்கூட இதைக் கேட்டிருக்கவில்லை. ஆனால் கொடுத்த பிறகு எக்செல் என்ற பேச்சே எழவில்லை.

அதனால் ஷீட்டில் எழுதும் முறையை மாற்றுங்கள். யார் சொன்னார், முதலாளியா கணக்குப் பார்ப்பவரா, அப்போது அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், கடைசியாக இது எப்போது நடந்தது, அன்று எப்படிச் சமாளித்தார் என்று கேட்டு எழுதுங்கள். ‘இப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்குமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே கேட்டால் நம் ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அதை நம்பித்தான் நாம் இரண்டு மாதத்தைச் செலவழிக்கிறோம்.

வாக்கு எண்ணவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2007 பிப்ரவரியில் டெல் நிறுவனம் ஐடியாஸ்டார்ம் என்ற தளத்தைத் தொடங்கி, வாடிக்கையாளர்களையே யோசனை சொல்லி வாக்களிக்க வைத்தது. லினக்ஸ் நிறுவிய கணினி வேண்டும் என்ற கோரிக்கை சில நாள்களிலேயே மேலே வந்தது. அதே ஆண்டு மே மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் வகை நிறுவிய கணினிகளை டெல் விற்கத் தொடங்கியது. அந்த எண்ணிக்கைக்குப் பயன் இருந்தது. ஆனாலும் அங்கே வாக்களித்தவர்கள் இணையத்தில் நாள்தோறும் எழுதிப் பழகிய லினக்ஸ் ஆர்வலர்கள் என்பதையும், கணினி வாங்கும் எல்லோருடைய கருத்தையும் அந்த வாக்குகள் காட்டவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் ஷீட்டிலும் அதிகம் பேசுபவர்களின் குரல்தான் அதிகம் இருக்கும்.

பேசாதவர்களைத் தேடிப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, திரும்பி வந்த விமானங்களில் குண்டு துளைத்த இடங்களைப் பார்த்து அங்கே கவசம் போடலாம் என்று எண்ணியபோது, ஆபிரகாம் வால்டு என்ற புள்ளியியலாளர், திரும்பாமல் போன விமானங்கள் எங்கே அடிபட்டிருக்கும் என்று யோசிக்கச் சொன்னார். உங்களுக்குத் திரும்பாத விமானங்கள் சந்தாவைப் புதுப்பிக்காமல் போனவர்கள். அவர்களில் பத்துப் பேரையாவது நேரில் போய்ப் பாருங்கள். அந்த மொபைல் ஆப் வாடிக்கையாளரிலிருந்தே தொடங்கலாம்.

தயாரிப்புக்காரன்

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தயாரிப்பு மேலாளராக இருக்கிறேன். உதவிமேசை சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

2023-இல் உங்களுக்கு நடந்ததை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். இ-இன்வாய்ஸ் வரம்பு எப்படி இறங்கியது என்று வரிசையாகப் பாருங்கள். 2020 அக்டோபரில் 500 கோடி, 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஆண்டு ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி. ஐந்து படி இறங்கிவிட்ட ஒன்று ஆறாவது படியும் இறங்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். எந்த நாளில் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது. 2025 செப்டம்பரிலும் இதுதான் நடந்தது: 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் புதிய விகிதங்களை முடிவு செய்தது, 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இடையில் இருந்தது மூன்று வாரம்கூட இல்லை. வரி சார்ந்த மென்பொருள் செய்பவர் ஒவ்வொரு காலாண்டிலும் சட்ட மாற்றத்துக்கென்று ஆள்நாள்களை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். மூன்று நிரலாளர்கள் இருந்தால், ஒருவருடைய நேரத்தை எந்த ஃபீச்சருக்கும் கணக்கில் எழுதாதீர்கள். மாற்றம் எதுவும் வராத காலாண்டில் அவர் பழைய பிழைகளைத் திருத்தட்டும்.

அடுத்தது தேதி. ரோட்மேப்பில் இரண்டு வகை வேலைகள் இருக்கின்றன. சட்டம் கேட்கும் வேலைக்குத் தேதி உண்டு, அதை நீங்கள் வைக்கவில்லை. அதைத் தயங்காமல் தேதியோடு எழுதுங்கள், ஏனென்றால் வாடிக்கையாளர் அதை நம்பித்தான் பில் போடப் போகிறார். மற்ற எல்லாவற்றையும் ‘இப்போது’, ‘அடுத்து’, ‘பிறகு’ என்ற மூன்று பத்திகளில் எழுதலாம். ரோட்மேப் போடுவதற்கான மென்பொருள் செய்யும் ப்ராட்பேட் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜன்னா பாஸ்டோ பரப்பிய முறை இது. என் அனுபவத்தில் சிறிய நிறுவனங்களுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. ‘இப்போது’ என்பதில் கை வைத்துவிட்ட வேலை மட்டும் இருக்கும். ‘அடுத்து’ என்பதில் சிரமம் உறுதியாகத் தெரிந்து, தீர்வு இன்னும் முழுமையாகத் தீர்மானமாகாதவை இருக்கும். ‘பிறகு’ என்பதில் நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பவை. வரிகளை ஃபீச்சரின் பெயரில் எழுதாமல் சிரமத்தின் பெயரில் எழுதுங்கள். ‘மொபைல் ஆப்’ என்று எழுதினால் ஆப்தான் கொடுக்க வேண்டும். ‘முதலாளி வெளியூரில் இருக்கும்போது நிலுவையைத் தெரிந்துகொள்வது’ என்று எழுதியிருந்தால், காலையில் தானாக வரும் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக்கூட ஆகஸ்டிலேயே கொடுத்திருக்க முடியும்.

வருவதை முன்கூட்டிச் சொல்வதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. 1981-இல் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினியை விற்றுப் பெரிதாக வளர்ந்த ஆஸ்போர்ன் நிறுவனம், 1983-இல் அடுத்த மாடல்களைப் பற்றி முன்னதாகவே பேசியது. கடைக்காரர்கள் பழைய மாடலுக்குக் கொடுத்த ஆர்டர்களை நிறுத்தினார்கள். அந்த செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொல்வதுண்டு. இருந்தாலும், ‘புதிய வெர்ஷன் வரட்டும், அப்போது வாங்கிக்கொள்கிறேன்’ என்ற பேச்சை மென்பொருள் விற்கும் எல்லோரும் கேட்டிருப்போம். புதிய வெர்ஷன் இப்போதைய சந்தாதாரர்களுக்குக் கூடுதல் பணமின்றிக் கிடைக்குமா என்பதை ரோட்மேப்பிலேயே எழுதிவிட்டால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் போய்விடும்.

டீலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் டீலர் பிடிஎஃப்பை விற்பனைத் தாளாகப் பயன்படுத்தினார் என்றால், அவரிடம் வேறு விற்பனைத் தாள் இல்லை என்று அர்த்தம். இன்று இருப்பது என்ன என்பதை ஒரு பக்கத்தில் தெளிவாகத் தனியாக எழுதிக் கொடுங்கள். ரோட்மேப்பில், ‘இன்று மென்பொருளில் இருப்பதைப் பார்த்து மட்டும் வாங்குங்கள்’ என்று தமிழில், பெரிய எழுத்தில், முதல் வரியாகவே போடுங்கள். முழுமையாக மூடி வைப்பதைவிடத் திறந்து வைப்பதே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. நிரலாளர்கள் நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனம் 2020 முதல் தன் ரோட்மேப்பை யாரும் பார்க்கும்படி வெளியிட்டுவருகிறது. அதன் போட்டியாளர்களும் அதைப் படிக்கலாம். உங்கள் போட்டியாளருக்கு உங்கள் வரிசை தெரிவதைவிட, உங்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இருப்பதுதான் உங்களுக்கு அதிக இழப்பு.

பேரேடு

நான் மென்பொருள் செய்பவள் இல்லை. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பதினேழு ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். நீல அட்டை நோட்டைப் பற்றிப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் மேசையிலும் ஒன்று இருக்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். நாங்கள் எதிர்பார்ப்பது பெரிய ரோட்மேப் எல்லாம் இல்லை. நான் ஒன்று சொன்னால், அது காதில் விழுந்ததா, செய்வீர்களா, செய்ய மாட்டீர்களா என்ற பதில் வேண்டும். ஒரே கோரிக்கையை நான்கு ஆண்டுகளில் நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொருவரும் ‘நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்’ என்றார்கள். ஐந்தாவது முறை சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. அதை அந்த நிறுவனத்தில், ‘இப்போது யாரும் கேட்பதில்லை’ என்று எழுதி வைத்திருப்பார்களோ என்னவோ என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. செய்ய முடியாது என்று காரணத்தோடு சொல்லிவிட்டால் நான் வேறு வழி பார்த்துக்கொள்வேன். அதற்காக யாரும் மென்பொருளை மாற்றிவிட மாட்டார்கள்.

இரண்டாவது, எந்த நாளில் புதிய வெர்ஷனைப் போடுகிறீர்கள் என்பது. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) பதினொன்றாம் தேதிக்குள் போக வேண்டும், ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்கப் படிவம்) இருபதாம் தேதிக்குள். அந்தப் பத்து நாளில் திரையில் ஒரு பட்டன் இடம் மாறினாலும் எங்களுக்குத் தவிப்புதான். அதே போல், தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் போனஸ் கணக்கு, பீஸ் ரேட் கணக்கு, நிலுவை வசூல் என்று இரவு வரை உட்கார்ந்திருப்போம். ‘தீபாவளிக்குள்’ என்று நீங்கள் சொன்ன ஆப் சொன்னபடி வந்திருந்தாலும் அந்த நேரத்தில் அதைத் திறந்து பார்க்க எங்கள் ஊரில் யாருக்கும் பொழுது இருந்திருக்காது. இதையெல்லாம் யாரும் எங்களிடம் கேட்பதே இல்லை.

மேலே ஒருவர் 2025 செப்டம்பரைக் குறிப்பிட்டிருந்தார். அதுவரை ஆயிரம் ரூபாய் வரை உள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 22-ஆம் தேதியிலிருந்து 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். உள்நாட்டு விற்பனையும் எங்களுக்கு உண்டு என்பதால், பீஸின் விலையைப் பார்த்து மென்பொருளே விகிதத்தை எடுத்துக்கொள்ளுமா, இல்லை ஒவ்வொரு ஐட்டத்தையும் நான் திறந்து மாற்ற வேண்டுமா, 21-ஆம் தேதி போட்ட பில்லுக்குச் சரக்கு திரும்பினால் கிரெடிட் நோட் எந்த விகிதத்தில் போகும் என்று எனக்கு மூன்று கேள்விகள் இருந்தன. எங்களுக்கு மென்பொருள் கொடுத்தவர்கள் 20-ஆம் தேதி மாலை வரை எதுவும் சொல்லவில்லை. வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள், நன்றாகவும் செய்திருந்தார்கள். ‘செய்துகொண்டிருக்கிறோம், 19-ஆம் தேதி சோதனைக்குத் தருவோம், ஐட்டங்களை நீங்கள் தொட வேண்டாம்’ என்று ஒரு செய்தி 5-ஆம் தேதி வந்திருந்தால், நானும் என் உதவியாளரும் முந்நூறு ஐட்டங்களைக் கையால் திருத்தியிருக்க மாட்டோம்.

கொங்குநிரல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடந்த மூன்று வாரத்தில் செய்ததைச் சொல்கிறேன்.

ஷீட்டில் இருந்த நானூற்றுச் சொச்சம் வரிகளை, ‘எந்த வேலையின்போது தடுமாறினார்’ என்ற அடிப்படையில் மீண்டும் பிரித்தோம். காரணம் தெரியாத வரிகளுக்கு, சொன்னவரையே அழைத்துக் கேட்டோம். இப்போது எழுபதுக்கும் குறைவான சிரமங்களாக அது சுருங்கிவிட்டது. எக்செல் கேட்டவர்களில் பெரும்பாலோர் மூன்று காரணங்களுக்காகக் கேட்டிருக்கிறார்கள்: ஆடிட்டருக்கு அனுப்புவது, சாயப்பட்டறையின் பில்லோடு எங்கள் சலானை ஒப்பிடுவது, முதலாளிக்கு வாரக் கணக்கு காட்டுவது. எடைக் குறைவு பற்றி எங்கள் மென்பொருளிலும் அதே ஓட்டை இருக்கிறது என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். சந்தாவைப் புதுப்பிக்காத நால்வரைப் பார்த்தேன். அவர்களில் இருவர் விட்டதற்குக் காரணம் எந்த ஃபீச்சரும் இல்லை. கணக்குப் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இன்னொரு சந்தேகம். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், வெட்டிய துணிக் கட்டுகளுக்கு பார்கோடு போட்டு ஒவ்வொரு தையல் லைனிலும் ஸ்கேன் செய்யும் வசதியைக் கேட்கிறார். செலவைத் தாமே ஏற்பதாகவும் சொல்கிறார். வேறு யாரும் இதைக் கேட்கவில்லை. பணம் வருகிறது என்பதால் எடுத்துக்கொள்ளலாமா?

மூன்றாம்மாடி

நானும் ஒரு சிறிய நிறுவனம் நடத்துகிறேன், ஆகவே இதற்கு மட்டும் சொல்கிறேன். அந்தப் பணத்தை வருமானமாகப் பார்க்காமல், எத்தனை மாதத்துக்கு உங்கள் ஆள் வேறு வேலைக்குக் கிடைக்க மாட்டார் என்று பாருங்கள். செய்து முடிப்பதோடு செலவு நின்றுவிடாது. பிரிண்டர், ஸ்கேனர், லைனில் நெட்வொர்க் என்று ஒவ்வொரு வெர்ஷனிலும் அதைச் சோதிக்க வேண்டும், அந்த ஒருவருக்காக.

வாடிக்கையாளரோடு பேசுவதற்கான மென்பொருள் செய்யும் இன்டர்காம் நிறுவனத்தில் உருவான ரைஸ் என்ற கணக்கைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். எத்தனை பேருக்குப் பயன்படும், எவ்வளவு பயன்படும், நம் மதிப்பீட்டில் நமக்கே எவ்வளவு நம்பிக்கை என்ற மூன்றையும் பெருக்கி, தேவைப்படும் உழைப்பால் வகுப்பது. வரும் எண்ணைவிட, ‘நம்பிக்கை’ என்ற கட்டத்தை நிரப்பும்போது நடக்கும் விவாதம்தான் எனக்குப் பயன்பட்டது. உங்கள் பார்கோடு கோரிக்கையில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? வேறு நால்வரின் தையல் லைனில் அரை நாள் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அவர்களும் கட்டு எண்ணிக்கையைத் துண்டுச் சீட்டில் எழுதித் தொலைத்துக்கொண்டிருந்தால், எல்லோருக்குமான ஒன்றாகச் செய்து, முதல் ஆளாக இவரை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், தரவை வெளியே எடுத்துக்கொள்ளும் வழியை மட்டும் கொடுத்து, பார்கோடு செய்பவர் வேறொருவரை அவருக்கு அறிமுகப்படுத்துங்கள்.

ஆனால் எடைக் குறைவை எந்தக் கணக்கிலும் போடாதீர்கள். ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ 1984-இல் தரத்தை வகைப்படுத்தியபோது, இருந்தால் யாரும் பாராட்டாத, இல்லாவிட்டால் எல்லோரும் கோபப்படுகிற ஒரு வகையைக் குறிப்பிட்டார். பிரேக் இருக்கிறது என்பதற்காக யாரும் பைக்கைப் புகழ்வதில்லை. சலான் சரியாக முடிவது அந்த வகை. அதற்கு மதிப்பெண் போட்டால் கீழேதான் போகும். அதனால் தனியாக எடுத்து முதலில் செய்யுங்கள்.

கொங்குநிரல்

அப்படியே செய்கிறோம். பார்கோடுக்காக அடுத்த வாரம் மூன்று யூனிட்டுகளில் போய் நிற்கப் போகிறேன். வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப எழுதியிருக்கும் முதல் செய்தியை இங்கே வைக்கிறேன். பேரேடு அம்மா பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

“வணக்கம். இன்று மென்பொருளில் இருப்பதைப் பார்த்து மட்டும் வாங்குங்கள். கீழே உள்ளவை நாங்கள் செய்ய எண்ணியிருப்பவை. இப்போது: சாயப்பட்டறையிலிருந்து துணி எடை குறைந்து வரும்போது சலான் நிலுவையில் நிற்பதைச் சரிசெய்கிறோம். அடுத்து: ஆடிட்டருக்கு மாதக் கணக்கை ஒரே கோப்பாக அனுப்புவது. பிறகு: புதிதாக வேலைக்கு வருபவர் தாமே பார்த்துக் கற்றுக்கொள்ளும் தமிழ் வீடியோக்கள். இந்த ஆண்டு செய்யப் போவதில்லை: சம்பளக் கணக்கு, அதற்கென்று நல்ல மென்பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மற்ற கோரிக்கைகள் விரைவில் பரிசீலிக்கப்படும். புதிய வெர்ஷன்கள் இனி மாதத்தின் 22-ஆம் தேதிக்குப் பிறகுதான் வரும். சந்தா இருப்பவர்களுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை.”

பேரேடு

நன்றாக இருக்கிறது, முதல் முறையாக எனக்கே எழுதியது போல் படித்தேன். ‘மற்ற கோரிக்கைகள் விரைவில் பரிசீலிக்கப்படும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அரசு அலுவலகக் கடிதம் போல் இருக்கிறது. அதைப் படித்தால் பதில் வராது என்றுதான் எங்களுக்குத் தோன்றும். ‘நீங்கள் சொன்னது பட்டியலில் எங்கே இருக்கிறது என்று தெரிய இந்த எண்ணுக்கு அழையுங்கள், இன்னார் பதில் சொல்வார்’ என்று ஒருவர் பெயரைப் போடுங்கள்.

இன்னொன்று. எடை சாயப்பட்டறையில் மட்டும் மாறுவதில்லை, காம்பாக்டிங்கிலும் (துணி பிறகு சுருங்காமல் இருக்க இயந்திரத்தில் அழுத்துவது) மாறும். அதோடு, ஒரே லாட் இரண்டு தவணையாகத் திரும்பினால் குறைவை எந்தத் தவணையில் எழுதுவது என்பதில்தான் நாங்கள் அதிகம் குழம்புகிறோம். கடைசித் தவணையில் மொத்தமாக எழுதுவது என் வழக்கம். எங்கள் பக்கத்துக் கம்பெனியில் ஒவ்வொன்றிலும் பிரித்து எழுதுகிறார்கள். கட்டத்தை வடிவமைப்பதற்கு முன் இரண்டு நோட்டுகளையும் பார்த்துவிடுங்கள். நான் அவர்களிடம் சொல்லி வைக்கிறேன். 20-ஆம் தேதி கழித்து, மதிய சாப்பாட்டுக்குப் பிறகு வந்தால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.